அட்மின் யாரு?

“படத்த அழிக்கறது யாரு கையில இருக்கும்?”

அப்பா சின்னண்ணன் கேட்ட முதல் கேள்வியே அதுதான். கௌசிக் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினான்.

வீட்டில் எல்லார் போனும் போட்டோக்களால் நிரம்பி வழிந்தது. கண்காணாத கம்பெனிக்கு மாதாமாதம் வாடகை கட்டுவதைவிட, ஹார்ட் டிஸ்க் போட்ட சின்னப் பெட்டி ஒன்றை வாங்கி வீட்டிலேயே வைத்துவிட்டால் எல்லார் படமும் தானாகவே அதில் போய்ச் சேர்ந்துவிடும். அதற்கு எந்த ஆப் போடலாம் என்றுதான் மனைவி மைதிலியோடு லேப்டாப்பைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். போனில் பேசுவதைத் தவிர வேறெதுவும் அறியாத அப்பாவோ, லாரிக்கு பாடி கட்டும் பட்டறையைக்கூட விட்டுவிட்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“சொல்லு சாமி. யாரு வேணாலும் அழிக்கலாமா?”

“இந்த ஆப்புல அவங்கவங்க படத்த அவங்கவங்க அழிச்சுக்கலாங்கப்பா. இன்னொண்ணுல அட்மின் மட்டுந்தான் அழிக்க முடியும்.”

“அட்மின்னா?”

“பெட்டிக்கு மொதலாளி மாதிரிங்க.”

“அந்தாளு நெனச்சா எல்லார் படத்தையும் அழிச்சுப்போட முடியுமா?”

கௌசிக் மைதிலியைப் பார்த்தான். அடுப்படி வாசலில் அம்மா சென்னியம்மாள் கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

பின்னே, பயம் இருக்காதா? தங்கை சௌந்தர்யா தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு மேட்டூருக்குப் போன அன்று இந்த மனிதர் ஆடிய ஆட்டம் கொஞ்சமா? சுவரில் இருந்த அவள் போட்டோவை வாசலில் போட்டு உடைத்தார். ஒவ்வொருவரையும் போனை எடுக்கச் சொல்லி, பக்கத்திலேயே நின்று, அவள் முகம் இருந்த படத்தையெல்லாம் அழிக்க வைத்தார். பெற்றவள் பார்க்க ஒரு படம்கூட இல்லாமல் பண்ணிவிட்டாரே, இவரெல்லாம் ஒரு அப்பாவா என்று கௌசிக்குக்கு அன்று வந்த வெறுப்பு இன்னும் ஆறவில்லை.

ஆனால் அவனுடைய பென் டிரைவில் தங்கையின் பழைய படங்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. புதுப் பெட்டியில் அவற்றைப் போட்டு, அப்பாவுக்குத் தெரியாமல் அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்றுதான் இத்தனை ஏற்பாடும். இப்போது இவர் அட்மின் ஆகிவிட்டால் எல்லாம் போச்சு.

“அட்மினா நானே இருந்துக்கறனுங்கப்பா. பாஸ்வேர்டு, அப்டேட்டுன்னு அது சள்ளை புடிச்ச வேலை.”

“இரு, இரு. ஒருக்கா அழிச்சா திரும்பி வருமா?”

“வராதுங்க.”

சின்னண்ணன் அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

“சென்னி, போயி டீ வெய்யி. மைதிலி, நீயும் கூடப் போம்மா.”

இருவரும் உள்ளே போகும்வரை காத்திருந்தவர், நாற்காலியை மகனுக்கு அருகில் நகர்த்தினார்.

“சௌந்தர்யா படம் உங்கிட்ட இருக்குதல்ல?”

கௌசிக்குக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“இருக்குதுங்க. அம்மா பாவமுங்கப்பா, அதையாவது உட்டுருங்க.”

“அதையும் பெட்டியில போடு.”

“அப்பா?”

“அட்மின் மட்டும் அழிக்கிறதுன்னு சொன்னியே, அதையே போடு. அட்மினா நீயே இருந்துக்க.” அவர் குரல் இறங்கிவிட்டது. “எங்கோவம் எனக்கே தெரியும் சாமி. நாளைக்கு நானே வந்து கத்தி ஆர்ப்பாட்டம் பண்ணி அழிக்கச் சொன்னாலும், எம்புள்ள மொகத்த மட்டும் அழிச்சுப்போடாத.”