இருநூற்றைம்பது வாட்

"இன்னும் மூணு நிமிஷம். நடுவுல எழுந்திரிச்சா மொதல்லேர்ந்து எண்ணுவேன்."

"அக்கா, கால் இருக்கா இல்லையான்னே தெரியல."

"இருக்கு. நீலமா இருக்கு."

துணி ஊறவைக்கும் பெரிய தொட்டியில், இடுப்பளவு ஐஸ் தண்ணீரில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தான் அவன். குளியலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு, ஒரு கையில் கடிகாரமும் மறு கையில் ஆறிப்போன டீயுமாக அக்கா கொட்டாவி விட்டாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எட்டு மணி நேரம் ஈரப் போர்வை வண்டி தள்ளிவிட்டு வந்தவள்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கிளப்பில் ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் ஆள் எடுக்கிறார்கள். அவனுக்கு முப்பத்திரண்டு வயது. இந்த முறையும் பெயர் வராவிட்டால் இனி வராது என்று அவனுக்கே தெரியும்.

அதனால்தான் பதினோரு வாரமாக இந்தப் பாடு. ஒரு வாரம் வெறும் வயிற்றில் மிதித்தான், ஒரு வாரம் பீட்ரூட் சாறு குடித்தான், ஒரு வாரம் ரத்தம் கட்டும் அளவுக்கு இறுக்கமான காலுறையோடு தூங்கினான். எது பலிக்கிறது என்பதைப் பெடல் சொல்லிவிடும். மிதிக்கும் வலு எத்தனை வாட் என்று அதிலிருக்கும் கருவி செல்போனுக்கு அனுப்பும்.

இருநூறில் தொடங்கியது, இப்போது இருநூற்றைம்பது. ஐஸ்தான் கைகொடுத்தது என்று நோட்டில் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தான். கால் மட்டும் அதை நம்பவில்லை. மாடிப்படியைக் கண்டாலே கெஞ்சியது.

அக்காவுக்கு முழங்கால் வலி. சைக்கிள் மிதிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அவன் தன் பழைய பந்தய சைக்கிளை அப்படியே, பெடலைக்கூடக் கழற்றாமல், கூடத்தில் தன் புதுசுக்குப் பக்கத்தில், நின்ற இடத்திலேயே மிதிக்கும்படி ஸ்டாண்டில் மாட்டிக்கொடுத்திருந்தான். அவன் "போ" என்றால் அவளும் மிதிப்பாள், "நிறுத்து" என்றால் நிறுத்துவாள்.

ஒருமுறை அவள் மூன்று நாள் வெளியூர் போயிருந்தபோது செல்போனில் எண்ணே வரவில்லை. பேட்டரியை மாற்றினான். அப்போதும் வரவில்லை. அவள் திரும்பி வந்த அன்று தானாகச் சரியாகிவிட்டது.

வாசல் மணி அடித்தது. கிளப் கோச்.

"நோட்டுல பறக்குறே," என்றார், துண்டோடு வந்து நின்றவனைப் பார்த்து. "மேடு வந்தா மட்டும் பால் வண்டிக்காரர் உன்னைத் தாண்டிப் போறார். எப்படிடா?"

"தெரியல சார். உடம்பு அசதி."

"ஏறு. நானே பாக்குறேன்."

உடை மாற்றி வந்தவன், "அக்கா, நீயும் வாயேன். தனியா மிதிக்கக் கை கால் ஓடல," என்றான்.

"நான் எப்பதான்டா உக்கார்றது," என்று முனகிக்கொண்டே அவளும் ஏறினாள்.

கோச் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டார். இருநூற்று நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது. அவர் புருவம் உயர்ந்தது. அவனுக்கு மூச்சு முட்டியது, கண் இருட்டியது. ஆறாவது நிமிஷம் தொடை பிடித்துக்கொண்டது.

"முடியல சார்."

அவன் சக்கரம் சுற்றி ஓய்ந்தது.

கோச் செல்போனைப் பார்த்தார். ஒரு தட்டுத் தட்டினார். பிறகு அவன் பக்கம் திருப்பிக் காட்டினார். இருநூற்று ஐம்பத்து நான்கு.

புதுப் பெடலைத்தான் செல்போனோடு இணைத்ததாக இத்தனை நாளும் நினைத்திருந்தான். இணைந்திருந்தது அக்கா மிதிக்கும் பழசு.

பக்கத்தில் அக்கா அரைக்கண் மூடி, நாளைய ஷிப்டை நினைத்தபடி மிதித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துச் சத்தம் அடங்கியது உறைத்ததும் கண்ணைத் திறந்தாள்.

"என்ன, முடிஞ்சுதா? நான் இறங்கலாமா?"

அவன் இறங்கித் தலை குனிந்து நின்றான். கோச் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த வீட்டுக்கு வந்த இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவளிடம் பேசினார்.

"ஞாயித்துக்கிழமை லீவு போட முடியுமாம்மா?"