பின்னால் நின்ற மரக்கட்டை

விசிறியைச் சுழலவிட்டு, இன்ஜினியர் விநாசித்தம்பி மாதிரிக் கட்டடத்தின்மேல் புகையை விட்டார். கடல் பக்கமிருந்து போன புகை, எல்லாச் சன்னல்களிலும் நுழைந்து வெளியேறியது.

"முப்பது மாடிக்கும் காத்து! பிரமாதம் லா, அண்ணே," என்றார் கட்டட முதலாளி மீரா சாகிப்.

"பின்னால நிக்கிற மரக்கட்டைய பாருங்க. அதுதான் பழைய அடுக்குமாடி பிளாட்டு. அதுக்குப் பொட்டுப் புகைகூட போகல."

"அது நம்ம பில்டிங் இல்லையே. வாங்கினவங்க யோசிச்சு வாங்கியிருக்கணும்."

"யோசிச்சுத்தான் வாங்கினாங்க. கடலையே மண்ணப் போட்டுத் தூத்து வீடு கட்டுவீங்கன்னு யாரு கண்டா?"

"விடுங்கண்ணே. ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடுங்க."

போட்டார்.

சாயங்காலம் அந்தப் பழைய பிளாட்டின் ஆறாவது மாடிக்கு ஏறி, தன் வீட்டுக் கதவைத் திறந்தார். மனைவி யோகலட்சுமி பால்கனியில் உட்கார்ந்திருந்தாள்.

"இந்தக் கடல்காத்து வந்தாத்தாங்க எனக்கு மூச்சே விட முடியுது," என்றாள்.

எதிரே, லாரிகள் கடலில் மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தன.