ஆமணக்குப் பந்தி

மண்ணூர் ஏரிப்பக்கம் வெயில் இன்னும் ஏறவில்லை. மஞ்சுளாவின் வேர்க்கடலைக் கொல்லையைச் சுற்றி, வரப்போரம் வளர்ந்து நிற்கும் ஆமணக்குச் செடிகளில் ஒரு இலைகூட முழுசாக இல்லை. புழு அரித்த இலைகள் சல்லடையாகத் தொங்க, வெளிச்சம் பொட்டுப் பொட்டாக மண்ணில் விழுகிறது. நிலம் கேட்டு வந்திருக்கும் தரகர் பாண்டுரங்கன் ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே உச்சுக் கொட்டுகிறார்.

"இன்னாம்மா இது, மொத்தமும் பூச்சி துன்னுட்ச்சே! மருந்து அடிக்கலியா? இத்த வச்சிகினு இன்னா பண்ணப் போற? பேசாம குட்த்துடு."

மஞ்சுளா நிமிரவில்லை. புழு மொய்க்கும் இலை ஒன்றைக் கிள்ளிச் சுருட்டி, சோப்புத் தண்ணீர் வாளிக்குள் அமுக்குகிறாள். பிறகு இரண்டு ஆமணக்குச் செடிகளை முழங்கையால் விலக்குகிறாள். உள்ளே, கொல்லையின் மறுகோடி வரைக்கும், கடிபடாத பச்சை பனியோடு மினுங்குகிறது.

"இது பூச்சிக்குப் போட்ட பந்திண்ணா. இங்க துன்னுட்டா உள்ள போவாதுன்னுதான் சுத்தி நட்டேன்."

பாண்டுரங்கன் வண்டியை அணைக்கிறார். அவள் ஒரு கடலைச் செடியை வேரோடு பிடுங்கி உதறுகிறாள். கொத்துக் கொத்தாகக் காய்கள் ஆடுகின்றன. ஈரமண் ஒட்டிய அந்தச் செடியை அவர் கையில் திணிக்கிறாள்.

"எட்த்துகினு போ. இந்த நெலத்துல விக்கறது இது மட்டுந்தான்."