வாய்தா வக்கீலின் கடைவாய்ப்பல்

"இப்ப பாரு, அந்தக் காப்பியை அவன் சட்டை மேல கொட்டுவா," என்றார் வக்கீல், வீங்கிய கன்னத்தைக் கையில் தாங்கியபடி.

பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் ஓடிக்கொண்டிருந்த ஹாலிவுட் காதல் படத்தில், கதாநாயகி கொட்டினாள்.

வக்கீலின் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டாள். அவளுக்கு இந்த மாதிரிப் படங்கள் என்றால் உயிர். ஒன்றையாவது முழுசாகப் பார்க்க விட்டிருப்பாரா இந்த மனுஷர்?

"எல்லாம் ஒரே அச்சு. மொதல்ல சண்டை, அப்புறம் மழை, அப்புறம் ஒரு சந்தேகம், கடைசியில ஏர்போர்ட்டுக்கு ஓட்டம். ரெண்டு பேரும் உக்காந்து அஞ்சு நிமிஷம் பேசியிருந்தா படமே இல்ல!"

எதிரே, மடியில் ஹெல்மெட்டை வைத்திருந்த தபால்காரர் மரியாதைக்குத் தலையாட்டினார்.

மழை வந்தது. சந்தேகமும் வந்தது. அவர் சொன்ன வரிசை ஒன்றுகூடத் தப்பவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

அவருக்குத் தெரியாமல் இருக்குமா? இருபத்தேழு வருடமாக விவாகரத்து வழக்கு நடத்துகிறவர். கோர்ட்டில் அவருக்கு 'வாய்தா வக்கீல்' என்றே பெயர். எந்த வழக்கையும் சட்டென்று முடித்ததாகச் சரித்திரம் கிடையாது. அடுத்த தேதி கேட்பார், அது வந்ததும் அதற்கடுத்த தேதி கேட்பார். சுத்தச் சோம்பேறித்தனம் என்பது மனைவியின் தீர்ப்பு.

சொந்தப் பல்லுக்கும் அதே கதைதான். பிடுங்குவதற்கு நான்கு முறை நாள் குறித்து, நான்கு முறையும் தட்டிக்கழித்துவிட்டார். இன்று காலை தண்ணீர்கூட இறங்கவில்லை. "மாத்திரை போதும், மாத்திரை போதும்" என்று கெஞ்சியவரைத் தரதரவென்று இழுத்து வந்திருந்தாள்.

திரையில் கதாநாயகன் டாக்சியை விட்டுக் குதித்து, விமான நிலையத்துக்குள் ஓட ஆரம்பித்தான்.

சரியாக அந்த நேரம் பார்த்து நர்ஸ் எட்டிப்பார்த்தாள். "வக்கீல் சார், உள்ள வாங்க."

வக்கீல் அசையவில்லை. கண் திரையை விட்டு நகரவில்லை.

"ஒரே ஒரு அஞ்சு நிமிஷம்மா."

அறை மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது.

"எழுந்திருங்க. கதைதான் உங்களுக்குத் தெரியுமே!" என்றாள் மனைவி. இதைச் சொல்வதற்காகவே அவள் பல வருடம் காத்திருந்தாள்.

வக்கீல் போனார். கதவு சாத்தும்வரை பின்பக்கமாகவே நடந்து போனார்.

கதாநாயகன் தடுப்பைத் தாண்டினான். கதாநாயகி திரும்பினாள். அவள் உதடு பிரிந்தது.

அதோடு சரி. மணி பன்னிரண்டு அடித்தால் பல் துலக்கும் விளக்கப்படம் போட வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவாம். திரையில் ராட்சத பிரஷ் ஒன்று மேலும் கீழும் போய்வந்தது. அறையே "ச்சே!" என்றது.

அரை மணி கழித்து வக்கீல் வெளியே வந்தார். வாய் நிறையப் பஞ்சு. சாயங்காலம்வரை பேசவே கூடாது என்று நர்ஸ் சொன்னபோது மனைவிக்குக் காதில் தேன் பாய்ந்தது.

அவர் திரையைப் பார்த்தார். பிரஷ். மனைவியைப் பார்த்தார். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் ஒன்று சேர்த்து, புருவத்தை உயர்த்தினார்.

அவள் கூரையைப் பார்த்தாள். கொஞ்சம் துடிக்கட்டும்.

சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, மடியில் வைத்து எழுதி நீட்டினார். 'சேர்ந்தார்களா?' அடியில் இரண்டு கோடு வேறு.

'தெரிந்த கதைக்கு எதற்குச் சாட்சி?' என்று பின்பக்கம் எழுதிக் கொடுக்கத்தான் அவள் பேனாவை வாங்கினாள். பின்பக்கம் காலியாக இல்லை. அவருடைய கோழிக்கிறுக்கல்.

'நாளைய வழக்கு. மின்விசிறியை எந்த வேகத்தில் வைப்பது என்று சண்டை போட்ட ஜோடி. போன தடவை ஒரே குடையில் போனார்கள். இன்னும் ஒரு வாய்தா கிடைத்தால் போதும், சேர்ந்துவிடுவார்கள். காரணம்: அதே பல்வலி. (ஐந்தாவது முறை.)'

அவள் இரண்டு தடவை படித்தாள். அட மனுஷா, இதற்காகவா இத்தனை மாதம் அந்தச் சொத்தைப் பல்லைக் கட்டிக் காத்தாய்?

அவர் மறுபடியும் இரண்டு விரல்களையும் ஒன்று சேர்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சேந்துட்டாங்க," என்றாள்.

தபால்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டார்.

வக்கீல் பாதி வாயால் சிரித்தார். சீட்டையும் பேனாவையும் பிடுங்கி, 'அப்போதே சொன்னேனா இல்லையா?' என்று எழுதிக் காட்டினார்.

"சொன்னீங்க, சொன்னீங்க," என்றபடி எழுந்து நர்ஸிடம் போனாள்.

"ஏம்மா, நாளைக்கும் இவரால வாயைத் திறக்க முடியாதுன்னு டாக்டர்கிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிக் குடேன். கோர்ட்டுக்கு வேணும்."