சாப்பாடு வரட்டும்

"லைசென்ஸ்காரங்க கெளம்பியாச்சா?"

முதலாளி குணசேகரன் போனில் கேட்டதும், குழிக்குள் நின்ற ரெங்கசாமி சிரித்துக்கொண்டான். தினமும் மனைவியிடம் இதே கேலிதான். நாலு பேருக்குச் சோறு கட்டிக்கொண்டு ஈஸ்வரி அண்ணி சுவாமிமலையிலிருந்து ஸ்கூட்டியில் கிளம்பிவிட்டாரா என்று அர்த்தம்.

ஹலீமா வீட்டுக் கழிவுநீர்க் குழாயைத் தெருவின் பாதாளச் சாக்கடையோடு இணைக்கும் வேலை. கூட வேலை செய்யும் இருவரோடு சேர்ந்து ரெங்கசாமி குழாயைப் பதித்து முடித்திருந்தான். மேலே ஏறி, மண்ணைத் தள்ள மம்பட்டியை எடுத்தான்.

"சாப்பாடு வரட்டும்டா. அப்புறம் மூடலாம்" என்றார் குணசேகரன்.

இதுவும் வழக்கம்தான். அண்ணி வந்து கேரியரைக் கேட்டில் மாட்டுவார். கை கழுவிவிட்டு, மீதித் தண்ணீரைக் குழாயில் ஊற்றுவார். குழியை எட்டிப் பார்ப்பார். பெண்டாட்டி கையால் சோறு வராமல் அந்த மனிதர் ஒரு குழியையும் மூடமாட்டார் என்று கும்பகோணத்து பிளம்பர்கள் எல்லாம் சிரிப்பார்கள். வண்டியிலும் 'ஈஸ்வரி பிளம்பிங் ஒர்க்ஸ்' என்றே எழுதி வைத்திருந்தார். அத்தனை ஆசை.

அன்று சாப்பாடு வருவதற்குள் குணசேகரன் ஹலீமா வீட்டுப் படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். ஹலீமா சொம்போடு வந்தபோது அவர் தலை சுவரில் சாய்ந்திருந்தது. மூச்சு இல்லை.

காரியம் முடிந்த பிறகும் குழி அப்படியே கிடந்தது. ஹலீமா முகம் சுளிக்கவில்லை. பலகையைப் போட்டு அதன்மேல் நடந்தார். நல்ல மனுஷன் தொட்ட வேலை, அவசரமில்லை என்று சொல்லிவிட்டார்.

ரெங்கசாமிக்குத்தான் தூக்கமில்லை. இன்னொரு ஒப்பந்ததாரரான தமிழரசன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தார். நேரில் போனான்.

"லைசென்ஸ் இல்லாம மாநகராட்சிக் குழாய்ல கை வைக்க முடியாதுப்பா. செத்தவங்க பேர்ல அது ஓடவும் ஓடாது. நீ நம்மகிட்ட வந்துடு. கூட இருக்கற ரெண்டு பேருக்கும் எடமில்ல."

ரெங்கசாமி யோசித்தபடியே வீடு திரும்பினான். எவ்வளவு அடைப்பாக இருந்தாலும் சாக்கடைத் தொட்டிக்குள் ஒருநாளும் ஆளை இறக்காதவர் குணசேகரன். "மிஷினு வரட்டும், இல்லன்னா வேல நிக்கட்டும்" என்பார். அவரால்தான் இவன் பிள்ளைகளுக்கு அப்பா இருந்தான். இனி வேறு இடத்தில் எப்படி இருக்குமோ? அந்த இரண்டு பேரை எப்படி விட்டுவிட்டுப் போவது?

மறுநாள் காலையில் ஈஸ்வரி போன் செய்தார். குழியில் ஊறிய தண்ணீரை இறைத்து வைக்கும்படியும், மதியம் சோற்றோடு வருவதாகவும் சொன்னார். கடைசியாக ஒருவேளை சாப்பாடு போட்டு அனுப்பப் போகிறார் என்று நினைத்துக்கொண்டான்.

அரசலாற்றில் தண்ணீர் ஓடியதால் குழியில் நீர் ஊறுவது நிற்கவில்லை. மூவரும் இறைத்து முடித்தபோது மாநகராட்சிப் பொறியாளர் அனுராதா வந்து இறங்கினார். குழியைப் பார்த்தார்.

"லைசென்ஸ்காரங்க எங்க?"

ரெங்கசாமி ஹலீமா வீட்டுப் படியைக் காட்டினான். "தவறிட்டாங்க மேடம். இந்தப் படியிலதான்."

அனுராதா திகைத்தார். "என்னங்க சொல்றீங்க? காலையிலதான எங்கிட்ட பேசினாங்க?"

தெருமுனையில் ஸ்கூட்டி திரும்பியது. ஈஸ்வரி வந்து கேரியரைக் கேட்டில் மாட்டினார். கை கழுவினார். மீதித் தண்ணீரைக் குழாயில் ஊற்றிவிட்டு, குழியருகே குனிந்து, அது ஓடுவதையே பார்த்தார்.

"நீங்க சரின்னா எனக்கும் சரி ஈஸ்வரி" என்றார் அனுராதா. "ஒங்க லைசென்ஸுதான."

ரெங்கசாமி மம்பட்டியைப் பிடித்தபடி நின்றான்.

"ஐடிஐ முடிச்சிட்டு வேலயில்லாம கெடந்தவள லைசென்ஸ் எடுக்க வச்சவரு ஒங்கண்ணன்" என்றார் ஈஸ்வரி, குழியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் பாக்காம ஒரு குழியையும் மூடினதில்ல அந்த மனுஷன். மூடுங்க தம்பி, அப்புறம் சாப்பிடலாம்."

கேரியரில் அன்றும் நாலு பேருக்குச் சோறு இருந்தது.