நெற்றியில் ஓடிய கோடு

செய்தி வாசிக்கிற பெண்ணின் நெற்றியில் மறுபடியும் கோடு ஓடியது. கூடவே "கர்ர்ர்" என்று ஒரு சத்தம்.

"பாத்தீங்களா? நான் சொன்னா யாரு நம்புறா" என்றார் என் வீட்டுக்காரர், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தவர் மாதிரி.

மெக்கானிக் டிவியின் முதுகைக் கழற்றி உள்ளே தலையை விட்டிருந்தார். "உங்க பெட்டிக்கு என் வயசு இருக்கும்போல சார். கொஞ்சம் முனகத்தான் செய்யும்."

"போன வாரம் வரைக்கும் வாயத் திறக்காம இருந்துச்சே!"

மெக்கானிக் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். கோடு அசரவில்லை. தன் இஷ்டத்துக்கு ஓடியது, தன் இஷ்டத்துக்கு நின்றது. ஆன்டெனா வயரைப் பிடுங்கினார். கோடு போயிற்று, படமும் போயிற்று. திரும்பச் செருகினார். இரண்டும் கைகோத்துக்கொண்டு வந்தன.

"கோளாறு உள்ள இல்லம்மா. பக்கத்துல எங்கயோ மோட்டார் ஓடுது. அது ஓடறப்பல்லாம் இது கத்துது. மிக்ஸி ஏதாவது போட்டிருக்கீங்களா?"

"நான் இங்க நிக்கிறேன். மிக்ஸி தானா அரைச்சுக்குமா?"

அவர் சிரித்துக்கொண்டே வயர் போகும் வழியில் கண்ணை ஓட்டினார். சுவர், ஜன்னல், அதற்கு மேலே மாடி அறை.

"மேல என்ன ஓடுது?"

மேலே ஒன்றும் ஓடுவதில்லை.

மேலே இருப்பது என் மகனின் தையல் மெஷின். இவர் துணி வெட்டுவார், அவன் தைப்பான்; அப்படித்தான் இந்த வீடு நடந்தது. பைக்கிலிருந்து விழுந்த பிறகு அவன் வலது கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. "பழகப் பழக வரலாம்" என்றார் டாக்டர். அந்த "லாம்"ஐப் பிடித்துக்கொண்டுதான், சக்கரத்தைக் கையால் தள்ளிவிடும் வேலையாவது மிச்சமாகட்டும் என்று, போன வாரம் இவர் மெஷினுக்கு மோட்டார் மாட்டிக் கொடுத்தார். அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாடியை விட்டு இறங்குவதும் இல்லை. சாப்பாடு, தான் காஜா எடுத்துப் பட்டன் கட்ட வேண்டிய சட்டைகள் என்று மருமகள்தான் மேலும் கீழும் நடப்பாள். அறைக் கதவைச் சாத்திவிட்டால் கீழே ஒரு சத்தம் கேட்காது.

கோடு ஓடியது.

இவர் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"தைக்கிறான்டி" என்றார்.

மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்தார். "சின்னதா ஒரு ஃபில்டர் வச்சா இது சுத்தமா போயிடும்..."

"கைய எடுங்க!"

இரண்டு பேரும் ஒரே மூச்சில் கத்தியிருக்கிறோம். பாவம், அவர் ஷாக் அடித்தவர்போலக் கையை இழுத்துக்கொண்டார்.

இவர் நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். அந்தப் பெண் உலக நடப்பெல்லாம் வாசித்தாள். யாருக்கு வேண்டும்? எங்களுக்கு அவள் நெற்றி போதும்.

"நீளமா, ஒரே சீரா ஓடுது பாரு. காலர்தான்." கோடு மெலிந்தது. "முனைக்கு வந்துட்டான்." நின்றது. "இப்பத்தான் இருக்கு விஷயம். திருப்பறதுக்கு முன்னாடி குறுக்க ஒரே ஒரு தையல் போடணும். பெடலை ஒரு தொடு தொட்டா போதும். இல்லன்னா காலர் மூக்கு மழுங்கிடும்."

"எல்லா டெய்லரும் அப்படித்தானா சார்?" மெக்கானிக் எப்போது பெட்டிக்கு முன்னால் வந்தார் என்று தெரியவில்லை.

"மத்தவங்க எப்படியோ. நான் இதை ஒருத்தனுக்குத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்."

திரையில் ஒரு கீற்று மின்னியது.

ஒன்றே ஒன்று.

பிறகு எதுவும் இல்லை. பிறகு, நீளக் கோடு.

மூடிய கதவுக்குப் பின்னால் ஓர் ஊசி துணியில் இறங்குகிறது; அது இங்கே, முன்பின் தெரியாத ஒருத்தியின் முகத்தில் தெரிகிறது. பெட்டியைத் தொடக்கூடப் பயமாக இருந்தது.

"கை வந்துடுச்சுடி. அவன் கை வந்துடுச்சு." இவர் எழுந்து நின்றே விட்டார்.

அப்போது மாடிப்படியில் காலடி கேட்டது.

மகன்.

எத்தனையோ நாளைக்குப் பிறகு இறங்கி வந்து கடைசிப் படியில் நின்றான். வலது கை எப்போதும்போல் துவண்டு தொங்கியது.

திரையில் கோடு ஓடிக்கொண்டே இருந்தது.

இவர் அவனைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். திரும்ப அவனைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயைத் திறந்தார்.

மகன் இடது கை விரலை உதட்டில் வைத்தான். "சத்தம் போடாதீங்கப்பா. நான் பக்கத்துல உக்காந்திருந்தா அவளுக்குக் கை உதறுதாம். கீழ போங்கன்னு துரத்தி விட்டுட்டா."

"அந்தக் குறுக்குத் தையல்...?"

"கைதானேப்பா வராது. வாய்க்கு என்ன கேடு? சொல்லச் சொல்லப் பிடிச்சுக்கிட்டா."

இவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். கோடு மெலியத் தொடங்கியது.

காலருக்கு முனை இரண்டு.

இவர் திரைக்கு வெகு அருகே குனிந்து, செய்தி வாசிக்கிற பெண்ணிடம் கிசுகிசுத்தார்:

"மெதுவாம்மா... முனை வருது, மெதுவா."