சூசையப்பரின் தாடி

கொஞ்சம் கிட்ட வாருங்கள் மக்கா. பிள்ளையை மடியில் வைத்திருப்பவர்கள் இன்னும் கிட்ட. ஒரு கொடுங்கோல் ராஜாவின் கதை சொல்கிறேன். பயப்பட வேண்டாம். மீசைகூட ஒழுங்காக ஒட்டாத ராஜாதான்.

அவன் உதட்டுக்கு மேலே பசையைத் தடவிக்கொண்டிருந்தான்.

மீசை வலப்பக்கம் ஒட்டியது. இடப்பக்கம் ஒட்டவில்லை.

கிறிஸ்துமஸ் சாயங்காலம். கோயில் முற்றத்தில் மேடை. கடற்காற்று அவன் தலையிலிருந்த அட்டைக் கிரீடத்தைப் பிடுங்கப் பார்த்தது.

படுதாவின் கிழிசல் வழியே எட்டிப் பார்த்தான்.

மாட்டுக் குடிலுக்குள் மரியாள் உட்கார்ந்திருந்தாள். நீல முக்காடு போட்ட அவன் மனைவி, பெனிட்டா.

அவள் மடியில் பாலன் இயேசு. அவன் மகள்.

ஊரில் அந்த வருடம் அவளைவிடச் சின்னப் பிள்ளை இல்லை. பெண்ணாக இருந்தால் என்ன, துணியைச் சுற்றினால் பாலன்தான் என்று நாடகத்தை நடத்தும் கோயில் உபதேசியார் சொல்லிவிட்டார்.

பக்கத்தில் மரியாளின் கணவர் சூசையப்பர். பெனிட்டாவின் தம்பி ரிச்சி. பாலன் அவன் தாடியைப் பிடித்து இழுத்து இழுத்துச் சிரித்தது.

அது இவனுக்கென்று வாங்கிய தாடி.

முதல் ஒத்திகையில் சூசையப்பர் இவன்தான். பிள்ளையைக் கையில் வாங்கினான். அது வீறிட்ட வீறலில் மணிக்கூண்டுப் புறாக்கள் பறந்தன. மறுநாளும் அப்படியே. அதோடு உபதேசியார் தாடியைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

"பாலனக் கொல்லத் தேடுன ஏரோது ராஜா வேஷம் கட்டுலே. பிள்ள அழுதாலும் பொருத்தமா இருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

கப்பல் வேலைக்குப் போனபோது பிள்ளை வயிற்றில் இருந்தது. திரும்பி வந்தபோது தவழ்ந்துகொண்டிருந்தது. முகம் காட்டிப் பேசுகிற அளவுக்குக் கப்பலில் சிக்னல் கிடைத்ததே இல்லை.

வந்த நாள் முதல் அவனைக் கண்டாலே அழுகை.

வீட்டுக்குள் பூனை மாதிரி நடந்தான். காதோரம் குசுகுசுவென்று கொஞ்சினான். பயந்துவிடக் கூடாதே என்று தும்மலைக்கூட வாசலில் போய்த் தும்மினான்.

இன்று காலைப் பூசை முடிந்து வந்ததும், துறைமுகத்தில் பார்த்துப் பார்த்து வாங்கிய வெள்ளைக் கவுனை அவனே போட்டுவிடப் போனான். பெனிட்டாவின் தோளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள் மகள். கேக் வெட்டி ஆளுக்கொரு துணுக்கு ஊட்டினார்கள். அவன் நீட்டியதை மட்டும் தட்டிவிட்டாள்.

"யாரோன்னு நெனைக்கா. பழகிருவா, விடுங்க," என்றாள் பெனிட்டா.

யாரோ.

"ஏலே ஏரோது!" போர்வீரன் வேஷக்காரன் படுதாவுக்குள் தலையை நீட்டினான். "பொண்டாட்டி மரியா, பிள்ள பாலன், மச்சினன் சூசை. குடும்பமே மோட்சத்துக்குப் போவுது, நீ மட்டும் நரகத்துக்கா? மீசைய அமுக்கிட்டு வாலே."

மேடையின் மறுகோடியில் அரியணை. உபதேசியார் வீட்டு நாற்காலிதான், சிவப்புத் துணி போர்த்தியது. ஏறி உட்கார்ந்தான். கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

ஊரே மணலில் உட்கார்ந்திருந்தது.

இதையாவது ஒழுங்காகச் செய்வோம்.

மூச்சை இழுத்தான். இன்ஜின் இரைச்சலுக்கு மேலே போனில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை அது. வந்த நாளாய்ப் பூட்டி வைத்திருந்தான்.

திறந்துவிட்டான்.

"யாரங்கே! இந்த ஏரோது இருக்கும்போது இன்னொரு ராஜாவா!"

மைக் கரகரத்தது. குழாய் ஒலிபெருக்கி அலறியது. முன்வரிசைச் சிறுசுகள் அம்மாமார் சேலைக்குள் ஒளிந்தன.

குடிலில் ஓர் அசைவு.

பாலன் நிமிர்ந்து உட்கார்ந்தது. சுற்றியிருந்த துணியை உதறிக் கையை வெளியே எடுத்தது. ஒலிபெருக்கியைப் பார்த்தது. பிறகு அரியணையைப் பார்த்தது.

"பெத்லகேமில் பிறந்திருக்கும் அந்த..."

"ப்பா."

சின்னச் சத்தம்தான். ஆனால் குடிலுக்குள்ளும் ஒரு மைக் வைத்திருந்தார்கள். ஊரே கேட்டது.

"ப்பா!"

அழவில்லை. நான்கு பல்லும் தெரியச் சிரித்தது.

தான் மரியாள் என்பதைப் பெனிட்டா மறந்தே போனாள்.

"இந்தச் சத்தந்தாங்க! கப்பல்லேருந்து நீங்க கூப்பிடும்போது போன ஸ்பீக்கர்ல போட்டு இவ தலமாட்டுல வைப்பேம்லா, இப்படித்தான கத்துவிய! இதுதாங்க அவளுக்கு அப்பா!"

போர்வீரர்கள் வாளை உருவியபடி நின்றார்கள். அடுத்த வசனம் ஏரோதுடையது. அந்தக் குழந்தையைக் கொல்லச் சொல்லும் வசனம்.

உபதேசியார் ஓரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் எடுத்துக் கொடுத்தார்.

அவனுக்கு வசனம் தெரியும்.

மீசையின் இடப்பக்கம் கழன்று காற்றில் ஆடியது.

குடிலிலிருந்து இரண்டு குட்டிக் கைகள் அவனை நோக்கி நீண்டிருந்தன.

ஏரோது எழுந்தான். நெஞ்சை நிமிர்த்தினான். அந்த மேடையில் எந்த ராஜாவும் அதுவரை அப்படி நிமிர்ந்து நின்றதில்லை. மைக்கை வாயருகே கொண்டுபோனான். நடுக்கடலில் நின்று கரைக்குக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டான்.

"என் ராசாத்தீ!"

பாலன் கைதட்டியது.

"ஏலே, ஏரோது கட்சி மாறிட்டாம்லே!" கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது. சிரிப்பு கடற்கரை வரை போனது.

படுதாக் கயிற்றைப் பிடித்திருந்தவன் இழுக்கவில்லை. அவனும் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

குடிலில் சூசையப்பர் மெல்லத் தாடியைக் கழற்றினார். அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஓர் எட்டுத் தள்ளி நின்றார்.

போய் வாருங்கள் மக்கா. உங்கள் வீட்டில் யார் எவ்வளவு உரக்கக் கத்தினாலும், அது நம்ம ஆள்தான் என்று திரும்பிப் பார்க்க ஒரு சின்னத் தலை இருக்கட்டும்.